ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள எண்

ஓஷில் வண்டியை எடுக்கும்போதே கணக்குப் போட்டுவிட்டேன்:
தோ-ஆஷூ சுரங்கத்துக்குச் சற்று முன்னால் வரும்.

பதினான்கு பேர்.
முன் சீட்டில் ஜுமாகுல்,
மூட்டைக்கு டிக்கெட் கேட்டுவிடுவேனோ என்று
வால்நட்டை மடியிலேயே வைத்திருக்கிறாள்,
காலிடுக்கில் அவளுடைய தராசு.
பின்னால் விடுப்பில் போகும் சிப்பாய்,
அலா-பெல்லில் தொடங்கி வாந்தியெடுத்துவரும் அவன் தங்கை.

மீட்டரில் ஆறு சக்கரங்கள்.
ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்று ஒன்பது.
அறுபத்தொன்றால் வகுபடும்.
அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஒன்பது சரிந்தது. பக்கத்துச் சக்கரமும் அசைந்தது.

510510.

சொன்னதையே திரும்பச் சொன்ன மாதிரி.
இப்படி இரட்டித்து நிற்கும் எண் எதுவும்
ஆயிரத்தொன்றைச் சுமந்துகொண்டுதான் வரும்;
ஆயிரத்தொன்றின் பையில் ஏழு, பதினொன்று, பதின்மூன்று.
மிச்சமுள்ள ஐந்நூற்றுப் பத்தைப் பிரித்தால்
இரண்டு, மூன்று, ஐந்து, பதினேழு.
பகா எண்களில் முதல் ஏழு பேரும்
ஆளுக்கொரு தரம்,
ஒருவரும் இரண்டாம் தரம் இல்லாமல்.

இந்த வண்டியின் எந்தக் கிலோமீட்டரிலும்
இவர்கள் ஒன்றாக ஏறியதில்லை.
(புதிதாய் இருந்தபோது, பூஜ்யத்தில், இருந்தார்கள்.
பூஜ்யத்தில் யார்தான் இல்லை.
அதை நான் சேர்ப்பதில்லை.)
மறுபடி ஏறுவது பத்து லட்சத்து இருபத்தோராயிரத்து இருபதில்.
ஆறு சக்கரத்துக்கு அந்த எண் தெரியாது.

நிறுத்தினேன்.

"என்ன ஆச்சு, புர்மாகான் எஜே?"
"என்ஜின் சூடு."
மூவாயிரம் மீட்டர் உயரத்தில், அக்டோபரில்,
வைப்பரில் பனி ஒட்டிக்கொண்டிருக்கும்போது.

தொண்ணூற்று மூன்றில்
கணித நிறுவனத்தின் வெப்பக்குழாய் வெடித்தது,
சம்பளம் அதற்கு முன்பே நின்றிருந்தது.
என் ஆய்வு மிகை எண்கள் பற்றியது:
தன்னை வகுப்பவற்றையெல்லாம் கூட்டினால்
தன்னையே மிஞ்சிவிடுபவை.
இது மிஞ்சும், இரண்டு மடங்குக்கும் மேலே.
அப்படி ஒரு மாதக் கடைசியை நான் பார்த்ததில்லை.

ஜுமாகுல் குருத் உருண்டை ஒன்றை நீட்டுகிறாள்.
அவள் தராசைப் பார்த்துக்கொண்டே அதைக் கடிக்கிறேன்.
எழுநூற்றுப் பதினான்கை எழுநூற்றுப் பதினைந்தால் பெருக்கினால் இது;
இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு,
பொதுவாக ஒரு உறவுக்காரர்கூட இல்லை.
ஒரு தட்டில் இரண்டு, மூன்று, ஏழு, பதினேழு.
மறு தட்டில் ஐந்து, பதினொன்று, பதின்மூன்று.
அங்கே நாலு கல், இங்கே மூன்று.
கூட்டிப் பாருங்கள்,
முள் நடுவில் நிற்கும். இருபத்தொன்பது.

யாரிடம் சொல்ல?
பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது.

டயர் அளவை மாற்றியதிலிருந்து
இந்த மீட்டர் நூற்றுக்கு மூன்று பொய் சொல்கிறது,
அதுவும் தெரியும்.
உண்மையான ஐந்து லட்சத்துச் சொச்சம்
சூசாமிரில் குமிஸ் வாங்க யாரோ இறங்கிய நாளிலோ
நான் பாலத்தில் போலீஸ்காரனோடு சண்டை போட்ட நாளிலோ
பார்க்க ஆளில்லாமல் போயிருக்கும்.
சாலைதான் பொய். எண் அல்ல.

"எஜே, ஆறிடுச்சா?"
சிப்பாயின் தங்கை, சுண்ணாம்பு முகத்தோடு.
"ஆறிடுச்சு."

சுரங்கத்துக்குள் விளக்கு பாதிதான் எரிகிறது.
புகை. முன்னால் எவனோ ஆடு ஏற்றிப் போகிறான்.
கடைசிச் சக்கரம் பூஜ்யத்தை விடமாட்டேன் என்று
கொஞ்ச தூரம் பாதியிலேயே தொங்கியது,
பிறகு ஒன்று.

ஏழு பேரும் வகுத்துப் பார்த்தார்கள்.
ஒவ்வொருவருக்கும் மிச்சம் ஒன்று.
ஏழு பேரும் இறங்கிவிட்டார்கள்.
காலி வண்டி என்று நினைத்திருப்பீர்கள்.
ஆனால் இருட்டில் எங்கோ ஏறி உட்கார்ந்திருந்தார்கள்
பத்தொன்பது,
தொண்ணூற்றேழு,
இருநூற்று எழுபத்தேழு.
ஒருவரையும் எனக்கு முன்பின் தெரியாது.

டிக்கெட் கேட்கவில்லை.
ஜுமாகுலிடம் மட்டும் சொன்னேன்,
மூட்டையைக் கீழே வை, மடி வலிக்கும்.